கட்டிக்கிற முறை இல்லை

ஜூன் 30, ஞாயிறு

தம்பி மதியழகன் தன் மகளை இன்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பைகள், ஒரு சாக்குத் தேங்காய், பதினாறு வயது இலக்கியா. ஊரில் அவள் கேட்ட பிரிவு எந்தப் பள்ளியிலும் இல்லையாம். திருச்சியில் அத்தை தனியாகத்தானே இருக்கிறாள், பிளஸ் டூ முடியும் வரை இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. தனியாக இருப்பவள் வீட்டில் எப்போதும் இடம் இருக்கும் என்பது நம் குடும்பங்களின் கணக்கு.

ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அவன் மனைவி வாசுகி போனில் சொன்னது. "அவ படிக்கட்டும் அண்ணி, எப்படியாச்சும்." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெண் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

கிளம்பும்போது மதியழகன் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். பையன் கிய்யன்னு ஏதாச்சும் காதுல விழுந்துச்சு, அன்னைக்கே டீசி வாங்கிக் கூட்டிட்டுப் போயிடுவேன். முறைப்பையன் எவனாவது பாத்துப் பேசி முடிச்சிடுவேன். படிப்பு கிடிப்பு எல்லாம் அதோட சரி."

இலக்கியா சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பெட்டியின் கைப்பிடியை அவன் வண்டி தெருமுனை திரும்பும் வரை விடவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

குளியலறை வடிகாலில் முடி. ஆளில்லாத அறையில் ஃபேன். நாற்காலி முதுகில் ஈரத்துண்டு. காபி குடித்த டம்ளர்கள் வீட்டில் எங்கெங்கு இருக்கக் கூடாதோ அங்கெல்லாம் இருக்கின்றன.

ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க மிளகாய்த்தூள். எந்தப் பாக்கெட்டில் செங்கல் பொடி, எதில் சாயம் என்று பார்த்து எழுதுவது என் வேலை. அரசாங்கம் என்னை நம்பி அதை ஒப்படைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்தால் கேள்வி.

"அத்தை, நான் வர்றதுக்கு முன்னாடி சாயங்காலத்துல யார்ட்ட பேசுவீங்க?"

"யார்ட்டயும் பேச மாட்டேன்."

"அதான் பழக்கம் விட்டுப்போச்சு. அதட்டறது மட்டும்தான் வருது."

பள்ளியைப் பற்றிக் கேட்டேன். எல்கேஜியிலிருந்து அங்கேயே படித்தவர்கள் ஒரு கூட்டம், பத்தாவது முடித்து வெளியிலிருந்து வந்தவர்கள் 'நியூ அட்மிஷன்'. நியூ அட்மிஷன் என்பது வகுப்பில் ஒரு பெயர்போல ஆகிவிட்டதாம். "ஏய் நியூ அட்மிஷன், தள்ளி உக்காரு" என்பார்களாம். அவளே நடித்துக் காட்டிச் சிரித்தாள்.

சாப்பாட்டு டப்பா பாதி அப்படியே திரும்பி வந்திருக்கிறது. உப்பு கூடிவிட்டதோ என்று வாயில் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 26, வெள்ளி

இந்த வாரம் டப்பா கழுவியதுபோல் காலியாக வருகிறது. நாளையிலிருந்து இரண்டு சப்பாத்தி கூடுதலாக வேண்டுமாம்.

"யாருக்கு?"

"வளர்ற பொண்ணு அத்தை."

ஆகஸ்ட் 14, புதன்

துணி எடுக்கப் பால்கனிக்குப் போனபோது அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்பது என் வழக்கமில்லை. ஆனால் துணி உலர்ந்துவிட்டது, எடுத்தாக வேண்டும்.

"நாளைக்கு வேணாம். வெள்ளிக்கிழமை சண்டை போட்டுக்கலாம். எனக்கு திங்கட்கிழமை பிசிக்ஸ் டெஸ்ட்டு, ரெண்டு நாள் பேசாம இருந்தா படிக்கலாம்... நீதான் தப்பு பண்ணணும். போன தடவ நான் பண்ணேன்ல... சரி, செவ்வாக்கிழமை சாரி கேளு. லஞ்ச் டைம்ல கேளு, எல்லாரும் இருப்பாங்க."

போனை வைத்ததும் திரும்பினாள். கையில் துணியோடு நான்.

"யாரு?"

"கிஷோர்."

"யாரு கிஷோர்?"

"என் ஆளு." பிறகு என் முகத்தைப் பார்த்து அவசரமாக, "நெஜம் இல்ல அத்தை! சும்மா. டூப்பு."

உட்காரவைத்து விசாரித்தேன். விசாரித்ததில் தெரிந்தது இது. அந்த வகுப்பில் 'கமிட்டட்' ஆனவர்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. பிறந்தநாளுக்கு அழைப்பார்கள், கேன்டீனில் இடம் பிடித்து வைப்பார்கள், பையனின் நண்பர்கள் எல்லாம் அந்தப் பெண்ணை 'அண்ணி' என்று கூப்பிட்டுப் பையைத் தூக்கி வருவார்கள். இந்தக் கிஷோரும் அங்கே பெரிய ஆள் இல்லை. அவன் அம்மா செல்வராணி பள்ளிக்கு எதிரில் தையல்கடை வைத்திருக்கிறார். வகுப்பில் பாதிப் பேருடைய சீருடை அவர் தைத்தது. அதனால் அவன் பெயர் 'ஊசி'. ஊசியும் நியூ அட்மிஷனும் கூடிப் பேசி, ஆண்டு விழா வரை காதலர்கள் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஆண்டு விழாவுக்குப் பிறகு பிரேக்கப்பாம். பிரேக்கப்புக்கு இன்னும் மதிப்பு அதிகம் என்றாள். எல்லாரும் வந்து ஆறுதல் சொல்வார்களாம்.

"ஏன் அவன்?"

"நான் ஐடியா சொன்னப்ப அவன் ஒருத்தன்தான் சிரிக்கல. என்னென்ன ரூல்ஸுன்னு கேட்டான்."

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"நெஜம் இல்லாததுக்கு அப்பா எப்படித் திட்டுவாரு?"

உண்மையாகவே காதலித்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். எரிச்சலோடு புரிந்திருக்கும். இதை எந்தக் கணக்கில் வைப்பது?

நிறுத்தச் சொன்னேன். தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

சண்டை நடந்ததாம். நன்றாக நடந்ததாம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மாலையில் ஏழு பெண்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். குரூப் ஸ்டடி. கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து மிக்சரைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. ஜூலையில் இவளைத் தள்ளி உட்காரச் சொன்ன பெண்ணும் இருந்தாள். இலக்கியா அவள் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருத்தி சமையலறைக்கு வந்து கிசுகிசுத்தாள்: "ஆன்ட்டி, நீங்க செம்ம கூல். எங்க வீட்ல தெரிஞ்சா கொன்னுடுவாங்க."

எனக்கு என்ன தெரிந்திருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுப்பில் பால் பொங்கியது. நாற்பத்தொன்பதாவது வயதில், இரண்டு பிள்ளைகளின் நாடகத்தில் எனக்கும் ஒரு வேஷம் கொடுத்துவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு அந்தக் கிஷோர் வந்தான். ஒல்லி, பெரிய காதுகள், செருப்பை வாசலுக்கு நேராக வைத்துவிட்டு நின்றான். "வணக்கம் மேடம். பேக்கக் குடுத்துட்டுப் போலாம்னு." இவளுடைய பள்ளிப் பையின் ஜிப் பிய்ந்திருந்தது. புது ஜிப் வைத்துத் தைத்திருந்தான். கடையில்கூட இப்படி நேராகத் தைக்க மாட்டார்கள். அம்மா தைத்ததா என்று கேட்டேன்.

"நான்தான் மேடம். கிளாஸ்ல யார்ட்டயும் சொல்லிடாதீங்க."

பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில் காதல் நடிப்பு எதற்கு? ஜிப்பை ஏன் இவ்வளவு ஒழுங்காகத் தைக்க வேண்டும்? மாதிரியைக் கையில் எடுத்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றுவது தொழில் புத்தி. நான் எதுவும் எழுதிவைக்கப் போவதில்லை. எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 21, சனி

காலையிலிருந்து அழுகை. அட்டவணைப்படி சண்டைக்கு இன்று நாள் இல்லை, எனக்கே தெரியும்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. அவன் அந்த சம்யுக்தாவுக்கு ரெக்கார்டு நோட்டுல படம் வரைஞ்சு குடுத்திருக்கான்."

"அதனால?"

"அக்ரிமென்ட்ல அது கெடையாது அத்தை! எனக்கு மட்டும்தான் வரையணும். எல்லாரும் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"இங்க யாரு பாக்கறா? இங்க எதுக்கு அழுவற?"

மூக்கைச் சிந்தி, யோசித்து, "ரிகர்சல்" என்றாள்.

மதியம் தோசை ஊற்றிக் கொடுத்தேன். அழுதுகொண்டே ஆறு சாப்பிட்டாள். மாவு தீர்ந்தது.

அக்டோபர் 8, செவ்வாய்

பள்ளியில் கலைவிழாவாம். ஏதோ விளையாட்டுக்கு இருவரையும் மேடையில் ஏற்றிக் கண்ணைக் கட்டி விட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் அவன் அவள் கையை மட்டும் தொட்டுக் கண்டுபிடித்துவிட்டானாம். அரங்கமே 'ஓ' என்று கத்தியதாம். வந்ததிலிருந்து அதையே சொல்கிறாள். இப்போது இந்தப் பள்ளியில் அவளைத் தெரியாதவர்களே இல்லையாம்.

"எப்படிக் கண்டுபிடிச்சான்?"

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதான் எனக்கும் தெரியல" என்றாள், குரல் இறங்கி.

யாரோ வீடியோ எடுத்தார்களா என்று கேட்டேன். எல்லாரும் எடுத்தார்கள் என்றாள், பெருமையாக.

அக்டோபர் 17, வியாழன்

வந்துவிட்டது. ஊரில், மன்னார்குடியில் யாரோ ஒருவருடைய மருமகன் அந்தக் கலைவிழா வீடியோவை ஸ்டேட்டஸில் வைத்து, அது சுற்றிச் சுற்றி மதியழகன் போனுக்குப் போயிருக்கிறது. 'எங்க ஸ்கூல் பெஸ்ட் ஜோடி' என்று எழுத்து வேறு, இரண்டு இதயங்கள் வேறு.

"ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துட்டு வரேன் அக்கா. பொட்டியக் கட்டி வெய்யி."

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அறிவுள்ளவர்கள் செய்வது அதுதான் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இது காதலே இல்லை, வகுப்பில் மதிப்புக்காக இருவரும் போட்ட நாடகம், எனக்கு ஆகஸ்டிலிருந்து தெரியும் என்று பொறுமையாக, வரிசையாக விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, நீ எம்மெஸ்ஸி படிச்சவ. ஒன்னையே ஏமாத்திட்டாளே! லவ் பண்ணிட்டு நடிப்புன்னு சொல்றது பழைய டெக்னிக்கு."

அந்தப் பையன் யார், என்ன ஆட்கள் என்று விசாரித்துவிட்டானாம். நம் ஆட்கள்தானாம். அதனால்தான் இவ்வளவு நிதானமாகப் பேசுகிறான். அது வேறு மாதிரி இருந்திருந்தால் இந்தக் குறிப்புகளை எரிச்சலோடு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பயத்தோடு எழுதிக்கொண்டிருப்பேன். அதை மறந்துவிட்டுச் சிரிக்க என்னால் முடியாது.

அக்டோபர் 19, சனி

பெட்டியை இலக்கியாவே இறக்கி, துணிகளை அடுக்கி, பிசிக்ஸ் புத்தகத்தை மட்டும் மேலே வைத்திருக்கிறாள். தெருவாசலில் கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்கிறாள்.

"நாளைக்கு அப்பாகிட்ட நானும் ஒருதடவ சொல்லிப் பாக்கறேன் அத்தை."

"நான் சொல்லிட்டேன். நம்பல."

"நடிப்புன்னா நம்ப மாட்டாரு. நெஜம்னா டீசி." பெட்டியை மூடிக்கொண்டே, "இது எங்க ஸ்கூல்ல ஒரு காமெடியா இருந்துச்சு அத்தை. அவ்ளோதான்."

போனால் போகட்டும். வடிகால் சுத்தமாக இருக்கும். சாயங்காலம் செய்தி கேட்கலாம். அவளுக்கென்று போன மாதம் வாங்கிய மெத்தையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேட்க நினைத்து, அந்தத் தெரு வழியாகவே போய், கேட்காமல் வந்துவிட்டேன். மழை வருவதுபோல் இருந்தது.

செல்வராணிக்குப் போன் செய்து, நாளை காலை பத்து மணிக்குப் பையனோடு வரச் சொன்னேன். எதற்கு என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. நேரில் பார்த்தால் மதியழகன் கொஞ்சம் இறங்கி வருவான் என்று நினைத்திருக்கலாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

மதியழகன் ஒன்பதரைக்கே வந்துவிட்டான். காபி வேண்டாம் என்றான். வேண்டாம் என்று அவன் சொல்லி நான் பார்த்ததில்லை. பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, தோளில் துண்டோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். பத்து மணிக்கு செல்வராணி வந்தார். மெலிந்த பெண், கழுத்தில் அளவெடுக்கும் டேப்பை எடுக்க மறந்து அப்படியே வந்திருந்தார். பின்னால் கிஷோர். அவன் காதுகள் சிவந்திருந்தன.

"பையன ஒழுங்கா வளக்கத் தெரியாதா ஒங்களுக்கு?" என்று ஆரம்பித்தான் மதியழகன்.

"பொண்ண ஒழுங்கா வளத்திருந்தா என் பையன் ஏன் ஒங்க வீட்டு வாசல்ல நிக்கிறான்?" என்றார் செல்வராணி. குரல் உடம்பைவிடப் பெரியது.

"ஏய், வார்த்தைய அளந்து பேசு. எந்த ஊரு நீ?"

"பாப்பாநாடு. ஏன்?"

இங்கேதான் அது தொடங்கியது. நம் பக்கத்து ஆட்கள் இருவர் கொலைவெறியோடு எதிரெதிரே நின்றாலும், ஊர் பெயர் காதில் விழுந்துவிட்டால் அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. அது தும்மல் மாதிரி.

"பாப்பாநாட்டுல யாரு வீடு?"

"ரைஸ்மில்லு வீடு."

"ரைஸ்மில்லுன்னா... தம்புசாமி?"

"எங்கப்பா."

மதியழகன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். "அட. தம்புசாமியோட அண்ணன், ஒரத்தநாட்டுல கடை வெச்சிருந்தாரே?"

"பெரியப்பா. தவறிட்டாங்க."

"அவரு எங்க பெரியப்பாவுக்குச் சகலைங்க! சின்ன வயசுல அவரு கடை முறுக்கு தின்னுருக்கேன்." விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டான். "சகலைன்னா எனக்கும் பெரியப்பா. அப்ப ஒங்கப்பா எனக்குச் சித்தப்பா. அப்ப நீங்க எனக்குத்..."

அவன் எங்கே போகிறான் என்று அவனுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. செல்வராணி அவனுக்குத் தங்கச்சி முறை. தங்கச்சி மகன் என்றால் கிஷோர் இலக்கியாவுக்கு அத்தை மகன். முறைப்பையன். கட்டிக்கிற முறை. கோபம் இறங்கிவிடும், ஆமாம். இறங்கிய கையோடு பேச்சு வார்த்தை, பூ வைப்பு, 'படிச்சது போதும், ஊர்ப்பேச்சு வேற ஆகிப்போச்சு, முடிச்சு வெச்சிடலாம்'. டீசி வாங்குவதற்குக் காரணம் மட்டும்தான் மாறும். பெட்டி அதே பெட்டி.

எனக்கு முறை, வழி, வகையறா இவற்றில் ஒரு காலத்திலும் அக்கறை இருந்ததில்லை. கல்யாண வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கினால் கை கழுவ எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட நான் வாயைத் திறந்தேன்.

"இருடா. அது சுத்து வழி. செல்வராணி, ஒங்க அம்மா எந்த ஊரு?"

"ஆம்பலாப்பட்டு."

"அதான் நெனச்சேன். மதி, வாசுகியோட அம்மா சின்ன வயசுல தாய்மாமன் வீட்டுல வளந்தாங்கல்ல? ஆம்பலாப்பட்டுலதான். இவங்க அம்மாவும் அவங்களும் அக்கா தங்கச்சி முறை. ஒன் கல்யாணத்துல என்கிட்ட அவங்களே சொல்லிருக்காங்க."

என் தம்பியின் மாமியார் எந்த ஊரில் வளர்ந்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் என்னிடம் சொன்னது 'இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கம்மா' மட்டும்தான்.

"அப்படியா?" என்றான் மதியழகன். "எனக்குத் தெரியாதே."

செல்வராணி என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு இலக்கியாவை. "ஆமாங்க" என்றார் மெதுவாக. "அம்மா சொல்லிருக்கு. கூட வளந்த அக்கா ஒருத்தர மன்னார்குடி பக்கம் குடுத்திருக்குன்னு."

"இருங்க, வாசுகியவே கேப்போம்." போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏ வாசுகி, ஒங்கம்மா ஆம்பலாப்பட்டுலயா வளந்துச்சு? அங்க ஒங்களுக்குச் சித்தி மொறைல யாராச்சும் உண்டா? பாப்பாநாட்டு ரைஸ்மில்லுல கட்டிக்குடுத்தது? இந்தா, அவங்க மக வந்திருக்காங்க. அவங்க பையன்தானாம் இந்த வீடியோல இருக்கறது."

மறுமுனையில் குக்கர் விசில் ஒன்று முழுதாக அடித்து முடிந்தது.

"பாப்பா எங்க இருக்கா?" என்று கேட்டாள் வாசுகி.

"இங்கதான் நிக்கிறா. கேட்டதுக்குச் சொல்லுடி."

"ஆமா. ராணிதானே? எங்க சித்தி மக."

"அடிப்பாவி, இத்தன வருசமா ஏன்டி சொல்லல?"

"நீங்க எப்ப கேட்டீங்க?" என்றாள். "அப்ப அந்தப் பையன் பாப்பாவுக்கு அண்ணன்ல ஆவுது. அண்ணன் இருக்கற ஸ்கூல விட்டு எதுக்குக் கூட்டிட்டு வரீங்க? தனியாவா இருக்கா அவ? சும்மா வாங்க." போனை வைத்துவிட்டாள்.

இதுவரை நான் வாசுகியைப் பற்றி நினைத்திருந்ததையெல்லாம் திருத்தி எழுத வேண்டும். இன்று வேண்டாம், களைப்பாக இருக்கிறது.

மதியழகன் எழுந்து நின்று கிஷோரின் தோளில் ஓங்கித் தட்டினான். பையன் ஒரு அடி முன்னால் வந்தான். "அண்ணன் தங்கச்சிய வெச்சு எவன்டா ஜோடின்னு எழுதுனது? ஊருக்குப் போயி அந்த மருமகன் வாயிலயே போடறேன்! கொழுந்தியா, ஒக்காருங்க. அக்கா, என்ன நின்னுக்கிட்டிருக்க, காபி போடு. ரெண்டு போடு எனக்கு." பெட்டியை அவனே உள்ளே தூக்கி வைத்தான். பிறகு கிஷோரிடம், உத்தரவாகவே: "தம்பி, டியூஷன் முடிஞ்சு தங்கச்சி தனியா வரக் கூடாது. தெனமும் நீதான் சைக்கிள்ல கொண்டாந்து விடணும். ஒன் பொறுப்பு."

"சரி சித்தப்பா" என்றான் அவன். கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல இருந்தது குரல்.

காபி எடுத்து வரும்போது இலக்கியாவைப் பார்த்தேன். நிம்மதியில் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கிஷோரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தரையை. இரண்டு முகங்களும் ஏதோ வீட்டில் துக்கம் விழுந்ததுபோல இருந்தன.

எல்லாரும் போன பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"வேற முறையே கெடைக்கலையா அத்தை ஒங்களுக்கு?"

"ஒன்ன இங்க நிறுத்தறதுக்கு எது தேவையோ அதச் சொன்னேன்."

"தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இவ்வளவு கசப்பான நன்றியை நான் கேட்டதில்லை. பொய் சொன்னது நான், பெயர் கெட்டது எனக்கு, நாளைக்கு மாவு அரைக்க வேண்டியதும் நான்.

அக்டோபர் 22, செவ்வாய்

வகுப்பில் தெரிந்துவிட்டது. மதியழகன் ஊருக்குப் போகும் வழியில் வகுப்பாசிரியருக்கே போன் செய்து பெருமையாகச் சொல்லியிருக்கிறான். 'அண்ணி' என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் இப்போது 'தங்கச்சி' என்று கூப்பிடுகிறார்களாம். கேன்டீனில் இடம் இல்லை. குரூப் ஸ்டடிக்கு யாரும் வரவில்லை. மிக்சர் டப்பா அப்படியே இருக்கிறது. ஒரே நாளில் இப்படி விழ முடியும் என்று தெரிந்திருந்தால் இத்தனை சப்பாத்தி சுட்டிருக்க மாட்டேன்.

"வருத்தமா இருக்கா?"

"எது?" என்றாள். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஊருக்குப் போயிருக்கிறாள். வீடு அமைதியாக இருக்கிறது. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று எழுத உட்கார்ந்தேன்.

மாலையில் பார்த்தால் அவள் அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நான்தான் போட்டிருக்க வேண்டும்.

வாசுகி போன் செய்தாள். வாழ்த்து சொன்னாள். பிறகு, "அண்ணி, எங்க அம்மா வளந்தது பேராவூரணி."

"ம்."

"சரி, வெச்சிடறேன். அதிரசம் குடுத்து விடறேன்."

நவம்பர் 12, செவ்வாய்

மழை. டியூஷன் முடிந்து ஏழு மணிக்குக் கிஷோர் கொண்டுவந்து விட்டான். மதியழகனின் கட்டளை ஒருநாளும் தவறுவதில்லை. முன்பெல்லாம் போனில் மணிக்கணக்காகச் சண்டைக்குத் தேதி குறிப்பார்கள். இப்போது கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இருவரும் சும்மா நிற்கிறார்கள். பேசுவதே இல்லை. மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிறது. பேசாமல் நிற்பதற்கு இவ்வளவு நேரம் ஆகுமா?

மேலே வந்தவளிடம் கேட்டேன். "என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"இல்ல. நடிக்கறப்ப பேசறதுக்கு நெறைய இருந்துச்சு அத்தை. இப்ப என்ன பேசறதுன்னு தெரியல."

தலையைத் துவட்டிக்கொண்டு, ஈரத்துண்டை நாற்காலி முதுகில் போட்டாள். சாப்பிட்டாள். தட்டைக் கழுவினாள், கேட்காமலே. அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டே, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றி விசாரிப்பதுபோல்:

"அத்தை, அன்னைக்கு அப்பா ஒரு வழி சொன்னாருல்ல? சகலைன்னு. நீங்க நடுவுல பூந்துட்டீங்களே."

"ஆமா."

"அந்த வழியில பாத்தா வேற முறை வருமா?"

நான் ரசத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன். மாற்ற வேண்டிய அவசியமில்லை.

"வரும்."

"என்ன முறை?"

"பிளஸ் டூ முடியட்டும். அதுக்கப்புறம் ஒரு காலேஜ். அதுவும் முடியட்டும். அப்பவும் கேக்கணும்னு தோணுச்சுன்னா வந்து கேளு, சொல்றேன்."

அவள் போய் பிசிக்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்திலேயே, என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். மனதுக்குள் படித்தால் ஏறாதாம். செய்தி ஒன்றும் காதில் விழவில்லை. தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன்.

இன்னும் ஒன்றரை வருடம் இப்படியே இருக்கப் போகிறாள்.